ஒரு சாண்

ஹேவாஹெட்டைக்கு மேலே, ஸ்டோரின் வாட்ட மாடியில்
அந்தத் தகரக் குழாய் தொங்குகிறது.
நாற்பத்தாறு அடி நீளம், ஓர் ஆள் குனிந்து நுழையும் அகலம்.
மறைக்கத் தட்டி கிடையாது.
மழை மாசத்தில் அடுப்பின் சூட்டை
ஈரக் கொழுந்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை.
இத்தனை வருசமும் அதைத் தாங்கியது
மேலிருந்து இறங்கும் பதினாறு கம்பி.
கீழே விழுவதைப் பற்றி மட்டும்தான்
யாரோ யோசித்திருந்தார்கள்.

பக்கவாட்டில் ஒன்று வரும் என்பதை
பொங்கல் கழிந்த மூன்றாம் ராத்திரி பார்த்தோம்.
பார்த்தோம் என்று நான் சொல்லக்கூடாது.
நான் தூக்கத்தில். காம்பராவில் குண்டான் மூடி உருண்டது,
கல்லுக்கு வெடி வைக்கிறான்கள் என்று திரும்பிப் படுத்தேன்.

விழித்திருந்தது ஞானசோதி.
இரவு வேலை, மூன்றாம் தொட்டியில் கொழுந்து புரட்டிக்கொண்டிருந்தாள்.
காலுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்ததாம்:
தகரம் முனகியது. பிறகு குழாய்
ஈ மொய்த்த மாடு முதுகைச் சிலுப்புவதுபோல் ஆடி,
முப்பது வருசமாய் மேலே படிந்திருந்த
தேயிலைப் பஞ்சு மொத்தத்தையும்
அவள் தலையில் கொட்டியது.
யாருக்கும் காயமில்லை.
விடிந்தும் அவள் தும்மிக்கொண்டிருந்தாள்.

காப்புறுதிக்காரன் கடிதம் போட்டான்.
கண்டியிலிருந்து எஞ்சினியர் நோனா வந்தாள், விராஜினி என்று பேர்,
சப்பாத்தெல்லாம் சேறு, கையில் டேப்.
தமிழ் கொஞ்சம்தான், கேள்வி சரியான கேள்வி:
"எவ்வளவு ஆடிச்சி?"
டீமேக்கர் "நல்லாவே" என்றார்.
வாட்ச்சர் "பயங்கரமா" என்றான், அவன் அன்று லீவு.
ஞானசோதி ஒன்றும் சொல்லாமல்
தொட்டித் திண்டில் ஏறி, குழாயின் விலாவுக்குப் பக்கத்தில்
கையை விரித்துக் காட்டினாள்.
இந்தப் பக்கம் ஒரு சாண். அந்தப் பக்கம் ஒரு சாண்.
நோனாவும் திண்டில் ஏறி
அவள் கட்டைவிரல் நுனியில் டேப்பை வைத்து
சுண்டுவிரல் வரைக்கும் இழுத்தாள்.
ஏழே கால் அங்குலம்.
கொழுந்துக் கறை போகாத அந்த இடைவெளி
வரைபடத்தில் மில்லிமீட்டராகி
நூற்று எண்பத்து நாலு என்று உட்கார்ந்தது.
யார் கை என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

ரிஸ்மியும் நானும் ஏறினோம், டர்பன்டைன் கம்புச் சாரம்.
முதல் துளை பழைய காரையில் பொரிந்து போனது,
வாய் நிறைய சுண்ணாம்பு.
ஓரடி தள்ளி உத்தரத்தில் போட்டோம், அது பிடித்தது.
தூசியை ஊதி எடுத்து, போல்ட் இறக்கி,
குழாயின் இடுப்பில் பட்டை கட்டி,
அங்கிருந்து சாய்வாய் மேலே ஓர் இழுகம்பி.
அதற்கு எதிரே அதன் ஜோடி.
நீளவாக்கில் ஓட நினைத்தால் அதற்கும் இரண்டு.
தட்டினால் ணங்கென்று கேட்கும்வரை முறுக்கினேன்.

"எப்பா, எப்பா!" என்று கீழேயிருந்து நோனா.
கொஞ்சம் தொய்வு வேண்டுமாம்.
இல்லாவிட்டால் விசிறியின் நடுக்கம்
கம்பி வழியே கட்டடத்துக்கு ஏறுமாம்.
சும்மா இருக்கும் நாளில் கம்பியும் சும்மா இருக்க வேண்டும்,
ஆடும் நாளில்தான் அது பிடிக்கும் என்றாள்.
எனக்கு அது பிடிக்கவில்லை. முறுக்கியே பழகிய கை.
அரைச் சுற்றுத் தளர்த்தினேன், மனசில்லாமல்.

சாயந்தரம் விசிறி போட்டார்கள்.
குழாயில் பழைய முனகல்தான், புதுக் கம்பிகள் கேட்டதாய்க் காட்டவில்லை.
வேலைக்கு வந்த ஞானசோதி அண்ணாந்து பார்த்தாள்.
"இனி ஆடாதா?"
"ஆடும். ஒரு விரல்."
"ஒரு விரலாவது விட்டு வெச்சீங்களே" என்று
முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ராத்திரி காம்பராவில் மல்லாந்து படுத்து
தகரம் பறக்காமல் மேலே வைத்த கற்களை
ஞாபகத்தில் எண்ணினேன். பன்னிரண்டு.
தலைக்கு நேரே இரண்டு, நானே தூக்கி வைத்தது.
எழுந்து பாயைத் திருப்பிப் போட்டேன்.